சாப்பாட்டு மணி

ஒருமுறை இழுத்தால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பொருள். இரண்டுமுறை இழுத்தால் ‘இன்னும் கயிறு விடு’. நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் ‘என்னால் முடியவில்லை, வெளியே எடு’.

புகைக்குள் போகிறவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு போவான். வாசலில் நிற்கிறவன் மறுமுனையைப் பிடித்திருப்பான். வெளியிலிருந்து கத்தினால் உள்ளே இருப்பவனுக்குக் கேட்கும். ஆனால் வாயிலும் மூக்கிலும் ஈரத்துண்டைக் கட்டியிருப்பவன் திரும்பக் கத்த முடியாது. அவன் பேசுவதெல்லாம் கயிற்றில்தான். தீயணைப்புப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று சைகைகளில் மூன்றாவதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சந்தேகம் வந்ததுமே இழுத்துவிடு, பலத்தை மிச்சம் வைத்துக்கொண்டே இழு, வெளியே நிற்பவன் காரணம் கேட்கக்கூடாது என்றார்கள். தேர்வில் நான் இதை அழகாக எழுதினேன். இன்டர்மீடியட் வரை படித்தவன் என்பதால் எழுதுவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் வேலை பார்த்தேன். கடைத்தெருவைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்துக்கும் அப்பால், ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம்தான் நிலையம். ஒரு வண்டி, ஒரு பம்பு, சில ஹோஸ் சுருள்கள். மூச்சுக்கருவி என்று ஒன்று கடலூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். எங்களிடம் இருந்தவை துண்டும் தண்ணீரும் கயிறும். இன்று அந்தக் கட்டடம் இல்லை. அங்கே என்னோடு இருந்தவர்களும் இல்லை. அதனால்தான் எழுத முடிகிறது என்று தோன்றுகிறது. அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

நான் மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். எங்களை நைனார் என்பார்கள். இருட்டிய பிறகு சாப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நிலையத்தில் எல்லாருக்கும் இது பெரிய வேடிக்கை. மலைக்கோட்டையின் பின்னால் வெயில் இறங்கத் தொடங்கியதும் எங்கள் டிரைவர், “நைனாரே, சூரியன் பிரேக்கு போட்டு நிக்கிறான், ஓடியா, ஓடியா” என்று கத்துவார். தட்டை மூடி வைத்துவிட்டு, இருட்டும்வரை கொடுக்காமல் விளையாடுவார்கள். நான் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். பல நாள் பட்டினியாகப் படுத்திருக்கிறேன். அவர்களுடைய சிரிப்பு வேறு யார்மீதாவது திரும்பாதா என்று காத்திருந்தேன். நான் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் ஆரம்பம் அங்கேதான்.

எங்களில் ஒருவர் பாய். செஞ்சியிலேயே பல தலைமுறையாக இருந்த குடும்பம். அவர் அண்ணனுக்குக் கடைத்தெருவில் தகர வேலைக் கடை. பாய் நெடிய ஆள், கை கால் எல்லாம் நீளம். என் வயதுதான் இருக்கும், என்னைவிட முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். ஆனால் என் படிப்பினால் எனக்கு ஒரு படி மேலே பதவி கிடைத்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவரிடம் ஒரு குணம். எதற்கும் ஆளைக் கூப்பிட்டுவிடுவார். ஹோஸ் சுருட்ட, டீ குடிக்க, கிணற்றடியில் முதுகு தேய்க்க, எல்லாவற்றுக்கும் “யாருப்பா அங்க, ஒரு கை குடு” என்பார். தனியாக எதையும் செய்ய அவருக்குப் பிடிக்காது. கூப்பிடுவதில் வெட்கமே இல்லாத மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாட்டுக்கொட்டகை எரிந்தது. மேல்மலையனூர் சாலையில் ஒரு கிராமம். கூரையை இழுத்துப் போட்டுத் தீயை அடக்கிவிட்டோம். ஒட்டியிருந்த தீவன அறையில் புகை மட்டும் அடைந்திருந்தது. உள்ளே கன்றுக்குட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் பாய் கயிற்றோடு போனார். போன சிறிது நேரத்தில் கயிறு விடாமல் ஆடியது. நானும் இன்னொருவரும் இழுத்தோம். மூச்சிரைக்க வெளியே வந்து விழுந்தார். காலை யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்றார். அவருக்குப் பின்னாலேயே, கழுத்துத் தும்புக் கயிறு அவர் காலில் சுற்றிக்கொண்ட ஓர் ஆட்டுக்குட்டி இழுபட்டு வந்தது. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்று கத்தியது.

ஊரே சிரித்தது. பாயும் சிரித்தார். அவர் செய்தது சரி. புகையில் கால் மாட்டினால், மாட்டியது ஆடா ஆளா என்று ஆராய்ச்சி செய்யக்கூடாது, கயிற்றை ஆட்டவேண்டும். அன்று அவருடைய முதுகைத் தட்டி, ‘நல்லா செஞ்ச’ என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான், பதவியிலும் படிப்பிலும்.

நான் அடுத்த வாரச்சந்தையில் மாட்டுக் கழுத்தில் கட்டும் வெண்கல மணி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். கயிற்றில் கட்டி இழுத்து வந்த உருப்படிக்கு மணி இல்லாமல் எப்படி என்று சொல்லி, எல்லார் முன்னாலும் பாயின் கழுத்தில் மாட்டினேன். டிரைவர் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். அன்று பாய் அந்த மணியோடு எங்களுக்கெல்லாம் டீ வாங்கி வந்தார், வண்டி கழுவினார். மணி ஆடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் என் தட்டை யாரும் மூடி வைக்கவில்லை. “நைனாரே, நீ பலே ஆளுய்யா, சாப்புடு” என்று டிரைவரே எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மணி, ஆட்கள் உட்காரும் அறையில் ஆணியில் தொங்கும். கயிற்றை ஆட்டி வெளியே வந்தவன் அன்று முழுவதும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்யவேண்டும். நிலைய அதிகாரிக்குத் தெரியும். பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். கிணற்றில் இறங்கியவன் விஷவாயு என்று பயந்து ஏறினாலும் மணி, புகையில் தலை சுற்றி வந்தாலும் மணி. கொஞ்ச காலத்தில் யாரும் கயிற்றை ஆட்டுவதில்லை என்றாகிவிட்டது. எங்கள் நிலையத்து ஆட்கள் துணிச்சல்காரர்கள் என்று அக்கம்பக்கத்தில் பேர் வந்தது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

கதை நிலையத்தோடு நிற்கவில்லை. டிரைவர் கடைத்தெருவில் சொல்லியிருப்பார், நானும் சொல்லியிருக்கிறேன். பாய்க்கு ‘மணி பாய்’ என்று பேராகிவிட்டது. தகரக்கடைப் பக்கம் அவர் போனால் பொடிசுகள் நாக்கால் மணியடித்துக் காட்டும். ஒரு நாள் கிணற்றடியில் என்னிடம் வந்தார். முதுகு தேய்க்கக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன்.

“நைனாரே, டேசன்ல எவ்ளோ வேணா சிரிங்க. தெருவுல வேணாம். எம் புள்ளைங்க கேக்குது, அத்தா, உனுக்கு ஏன் மணி கட்டுனாங்கன்னு.”

நான் சரி பாய், சொல்லிவிடுகிறேன் என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. ‘இனிமேல் வேண்டாம்’ என்று சொன்னால் டிரைவர் என்னைப் பார்த்து என்ன சொல்வார் என்று யோசித்தேன், அவ்வளவுதான்.

அந்த நாளிலிருந்து பாய் முதுகு தேய்க்க யாரையும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

கோடையில் மல்லாட்டைக் கிடங்கு தீப்பிடித்துக்கொண்டது. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கடைத்தெருவுக்குப் பின்னால் நீளமான பழைய கட்டடம். முன்பக்கம் கடலை மூட்டைகள், பின்பக்கம் புண்ணாக்கு மூட்டைகள், கூரை தொடும் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நாங்கள் போனபோது நடுப்பகல் தாண்டியிருந்தது. பெரிய தீ இல்லை. புண்ணாக்கு உள்ளுக்குள் கனன்று, மஞ்சள் கலந்த கனமான புகை வாசல் வழியாக உருண்டு வந்தது. எண்ணெய்ப் புகை. அது தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பின்கதவைத் திறந்தால் புகை வெளியேறும், அப்புறம் ஹோஸோடு உள்ளே போகலாம் என்பது நிலைய அதிகாரியின் திட்டம். பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வெளியிலிருந்து உடைக்கலாம் என்றால் பின்னால் இருந்த சந்தில் கோடரி ஓங்க இடமில்லை. யாராவது சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய்த் தாழை நீக்கவேண்டும். யார் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்பதற்குள் பாய் துண்டை நனைத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவர் இப்படி முந்திக்கொள்கிறவர் இல்லை. அதிகாரி பின் சந்துக்குப் போய்விட்டார். நான் முன்வாசலில் கயிற்றைப் பிடித்தேன். எனக்கு அருகில், வண்டியோரம், பம்பைப் பார்த்துக்கொண்டு டிரைவர்.

பாய் குனிந்து உள்ளே போனார். கயிறு என் கைக்குள் ஓடியது. இரண்டு இழுப்பு வந்தது, கயிறு விட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் ஒருமுறை இழுத்துக் கேட்டேன். உடனே ஒரு இழுப்பு வந்தது. நன்றாக இருக்கிறார். மறுபடி இரண்டு, மறுபடி விட்டேன். பாதிக் கிடங்கு தாண்டியிருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

அப்போது உள்ளே மூட்டைகள் சரியும் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. ஈர மண் சரிந்தால் வருவதுபோல அமுங்கிய சத்தம். வாசல் புகை ஒருமுறை வெளியே தள்ளி, மறுபடி உள்ளே போனது.

அந்த நொடியில் நான் இழுத்திருக்கவேண்டும். கேட்டிருக்கக்கூடாது. அடுக்கு சரிந்தால் கயிற்றைப் பிடித்தவன் கேள்வி கேட்காமல் ஆளை வெளியே எடுக்கவேண்டும் என்பதுதான் நான் பரீட்சையில் எழுதிய விடை. நான் கேட்டேன். ஒருமுறை இழுத்தேன். பதில் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன்.

டிரைவர் பம்பின் பக்கத்திலிருந்து, “இன்னா நைனாரே, மணிய எடுத்தாரச் சொல்லவா?” என்றார்.

வேடிக்கை பார்க்க நின்றிருந்த கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாசலுக்குள் தலையை நீட்டி, கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு, உள்ளே கேட்கும்படியாக நான் கத்தினேன்.

“இன்னா பாய், மணி வேணுமா?”

கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றில் ஒரு இழுப்பு வந்தது. ஒன்றே ஒன்று. ‘நன்றாக இருக்கிறேன்.’

அந்த இழுப்பு என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. மெலிவாக இருந்தது, நிதானமாக இருந்தது. தவறி வந்த இழுப்பு இல்லை. யோசித்து, முடிவு செய்து கொடுத்த பதில். அது மெலிவாக இருந்ததை நான் அப்போதே கவனித்தேன். கவனித்தும், பதில் வந்துவிட்டது என்று டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பின்கதவு திறக்கவில்லை. அதிகாரி சந்திலிருந்து ஆள் அனுப்பி இன்னுமா என்று கேட்டார். நான் மறுபடி இழுத்தேன். கயிறு எதிலோ மாட்டியதுபோல இறுக்கமாக நின்றது. கதவருகே போய்விட்டார், தாழோடு போராடிக்கொண்டிருப்பார், கையை எடுக்க முடியாது என்று நானே அவருக்காக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அது எவ்வளவு நேரம் என்று விசாரணையில் ஒரு கணக்குச் சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியாது. புகையின் நிறம் மாறும்வரை நின்றேன். பிறகுதான் கயிற்றைப் பலமாக இழுத்தோம். வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை.

துண்டைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடியே நான் உள்ளே போனேன். பாதி வழியில் இருந்தார். தொடை வரை புண்ணாக்கு மூட்டைகள் விழுந்து அழுத்தியிருந்தன. குப்புறக் கிடந்தார். கயிறு அவருடைய வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கையின்மேல் எந்த மூட்டையும் இல்லை. கை ஆட இடமிருந்தது.

மூட்டைகளைப் புரட்டி அவரை வெளியே கொண்டுவந்து, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். வழியில் ஒருமுறை இருமினார். அவ்வளவுதான். பொழுது சாயும் முன் முடிந்துவிட்டது. கால் எலும்பு ஒன்று முறிந்திருந்தது, அதில் உயிர் போகாது, புகைதான் காரணம், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நிலையத்துக்குத் திரும்பினோம். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. டிரைவர் என் தட்டை எடுத்து வைத்தார். இருட்டிவிடுமே என்று. நான் சாப்பிட்டேன். இதை இங்கே எழுதவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். கைகளில் எண்ணெய்ப் புகை வாடை போகவில்லை. அந்தக் கையோடு முழுவதையும் சாப்பிட்டேன்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஆபத்துச் சைகை வந்ததா என்றார். வரவில்லை சார் என்றேன். அது உண்மை. கடைசியாக என்ன சைகை என்றார். நலமாக இருப்பதாகச் சைகை வந்தது சார் என்றேன். அதுவும் உண்மை. நான் கத்தியதைச் சொல்லவில்லை. டிரைவரும் சொல்லவில்லை. கடைக்காரர்களை யாரும் கேட்கவில்லை. இறந்தவர் உரிய நேரத்தில் சைகை கொடுக்கத் தவறினார் என்று தீர்மானமாகிவிட்டது. தவறு அவருடையதாகப் போய்ச் சேர்ந்தது.

எழுந்து போகும்போது அவர் கண் ஆணியில் பட்டது. அது என்ன மணி என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“சாப்பாட்டு மணி சார்” என்றேன்.

நல்ல ஏற்பாடு என்றார். அவருக்கு அன்று பகல் சாப்பாடு எங்களோடுதான். சமையல் முடிந்ததும் நிலைய அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து போய், ஆணியிலிருந்து அதை எடுத்து அடித்தேன். எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டோம். அதன்பிறகு அதைக் கழற்றவும் முடியவில்லை. கழற்றினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். அதனால் நாள்தோறும் அடித்தோம்.

பிறகு வேறு ஊர்களில் வேலை பார்த்தேன், மேலே போனேன். கயிறு பிடித்த இடத்திலெல்லாம் சின்னச் சத்தத்துக்கும் ஆளை வெளியே இழுத்துவிடுவேன். இழுப்பு மெலிவாக வந்தால் இழுப்பேன், தாமதமாக வந்தால் இழுப்பேன். வேலை கெட்டுப்போகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். பயந்தாங்கொள்ளி என்று என் காதுபடவே சொன்னார்கள். சைகை கொடுத்து வந்தவனை யாராவது பார்த்துச் சிரித்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும். ஏன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருந்தாலும், அது பாய் வீட்டுக்குப் போய்ச் சேரும் சமாசாரம் இல்லை.

அவர் மனைவி வந்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். விசாரணை முடிந்து சில வாரங்கள் கழித்து, அவருடைய பொருள்களை எடுத்துப்போக வந்திருந்தார். தகரக்கடை அண்ணன் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். அந்த அம்மா மட்டும் உள்ளே வந்தார். ஒரு சட்டை, ஒரு துண்டு, அண்ணன் கையால் செய்த தகர டிபன் டப்பா, அவ்வளவுதான் இருந்தன. நான் எடுத்துக் கொடுத்தேன். டிரைவர் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு கேட்டார்.

“அண்ணே, அவரு கூப்புடலன்னு சொல்றாங்களே, நெசமா?”

ஆமாம்மா, கூப்பிடவில்லை என்றேன்.

“தண்ணி மொள்ளணும்னாகூட என்னக் கூப்புடுவாரு. சட்டைக்குப் பித்தான் போடக் கூப்புடுவாரு. கூப்புடாம ஒரு வேல செய்ய மாட்டாரு. அங்க ஏன் கூப்புடல?”

தெரியவில்லையம்மா என்றேன். புகையில் நினைவு தப்பியிருக்கும் என்றும் சொன்னேன். கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தவன் நான்.

அவர் தலையாட்டிக்கொண்டு திரும்பினார். திரும்பும்போது ஆணியில் தொங்கியதைப் பார்த்தார். நின்றார். கையை நீட்டி, சத்தம் வராதபடி மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார்.

“புள்ளைங்க சொல்ற மணி இதானா?” என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. அந்த அம்மா என் பக்கம் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நாக்கை மெதுவாக விட்டு, மணியைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சமையல் முடிந்திருந்தது. அவர்கள் இருவரும் சாலைத் திருப்பம் தாண்டும்வரை அன்று யாரும் மணியை அடிக்கவில்லை. பிறகு நான்தான் அடித்தேன்.